இடக் கன்னத்தில் அடித்த காற்று: 1964 புயல் இரவு பற்றிய ஒரு படைவீரரின் நினைவு

பதிவின் நோக்கம்

யாழ்ப்பாணத்தில் வாய்மொழி வரலாறு சேகரிப்போர் அதிகம் நெருங்காத ஒரு சாரார் உண்டு. 1983க்கு முந்திய இலங்கைப் படைகளில் பணியாற்றிய தமிழர்கள் அவர்கள். இன்று இருப்பவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சேவைப் புத்தகம் கேட்டால் இடப்பெயர்வில் போய்விட்டது என்பார்கள். கூட இருந்தவர்களைக் கேட்டால் பெயர் நினைவிருக்கும், முகவரி இராது. பேசச் சம்மதிப்பவர்களும் பெரும்பாலும் மழை, வெள்ளம், புயல் பற்றியே பேசுவார்கள். இயற்கையை எதிர்த்து நின்ற கதையை எந்தக் காலத்திலும் எந்தத் தரப்பின் முன்னும் சொல்லிவிடலாம் அல்லவா.

அப்படி ஒருவரின் புயல் நினைவை எவ்வாறு பதிந்தோம், அது எங்கே முரண்பட்டது, அந்த முரணை என்ன செய்தோம் என்பதே இந்த ஆய்வு. அவருடைய பெயர், ஊர், காவலிருந்த தீவு ஆகியவை தரப்படவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில சிறு விவரங்களையும் விட்டிருக்கிறோம். காற்றும் கடலும் நாட்களும் அவர் சொன்னபடியே உள்ளன.

பின்னணி

அவர் வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் இரண்டாவது மகன். அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை இராணுவத்தில் சேர்ந்தார். 1949 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமைக்கப்பட்ட அந்தப் படையில், 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்துக்கும் 1962 ஜனவரியின் சதிப்புரட்சி முயற்சிக்கும் பிறகு தமிழர் நுழையும் வாசல் ஒடுங்கிக்கொண்டிருந்தது. 1961 இல் சத்தியாக்கிரகத்தை அடக்க யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் இதே இராணுவம்தான். தகப்பனார் மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லையாம். சம்பளப் பணம் மட்டும் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டது என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

பயிற்சி முடிந்ததும் அவர் வடக்குக் கரையோரக் காவலுக்கு அனுப்பப்பட்டார். தென்னிந்தியாவிலிருந்து அனுமதியின்றிக் கடல் வழியாக வருவோரைத் தடுக்க 1952 இல் மொன்டி நடவடிக்கை என்ற பெயரில் ஒரு காவல் ஏற்பாடு தொடங்கியிருந்தது. 1963 இல் அது சட்டவிரோதக் குடியேற்றத் தடுப்புப் படையணியாக மாற்றப்பட்டு 1981 வரை நீடித்தது. பிடிபடுவோர் பேசுவது தமிழ். பிடிப்பவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் சிலர். அவர் அங்கே தேவைப்பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காலமும் கவனிக்கத்தக்கது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு அரசுகளும் முடிவு செய்தன. யார் இந்த நாட்டவர், யார் அல்லர் என்ற கேள்வி தலைநகர மேசைகளில் எண்களாகப் பேசப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில்தான் இந்தப் புயல் வந்தது.

டிசெம்பர் நடுப்பகுதியில் தென் அந்தமான் கடலில் தாழமுக்கமாகத் தொடங்கிய அது, 19 ஆம் திகதியளவில் கடும் புயலாக வலுத்து ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கு நோக்கி நகர்ந்தது. 22 ஆம் திகதி வவுனியாவை அண்டிய பகுதியூடாக இலங்கையைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. தனுஷ்கோடித் துறையின் கதை அதோடு முடிந்தது. தலைமன்னார்க் கப்பல் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்துதான் ஓடியது.

அவர் இராணுவத்தில் நீண்ட காலம் இருக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விலகி, சங்கக்கடையொன்றில் கணக்கெழுதினார். 1983க்குப் பிறகு, படையில் இருந்ததைப் பற்றி வீட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் பேசவில்லை. சீருடையோடு எடுத்த ஒரே படத்தை மனைவி சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தச் சுவாமிப் படத்தை யாரும் தூக்கவில்லை. சேவைப் பத்திரங்கள் இருந்த தகரப்பெட்டியும் அப்படியே போயிற்று. குறுகிய சேவை என்பதால் ஓய்வூதியம் இல்லை, எனவே ஓய்வூதியக் கோப்பும் இல்லை. உள்ளூர்ச் செய்தித்தாளைப் புரட்டலாமென்றால், 1981 இல் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்ட ஊர் இது. ஆக, சரிபார்க்க எங்களிடம் இருந்தவை அவருடைய உடம்பும் பஞ்சாங்கமும் பூகோளப் படமும் மட்டுமே.

முதலில் கேட்ட கதை

2024 நவெம்பர் இறுதியில், பின்னர் பெங்கல் எனப் பெயர் பெற்ற புயலுக்கு முந்திய மழையில் குடாநாடு வெள்ளக்காடானது. அந்த நாட்களில் அவர் இரவில் உறங்காமல் விறாந்தையில் நின்று காற்றின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "வாடை இன்னும் திரும்பவில்லை. கொண்டலுக்குத் திரும்பினால் பார்த்துக்கொள்ளுங்கள்." வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அவருடைய பேத்தி எங்களில் ஒருவரின் மாணவி. அவர் மூலம் அழைப்பு வந்தது. வெள்ளம் வடிந்தபின் போனோம்.

வருடத்தை அவரே சொன்னார், அதுவும் பஞ்சாங்கக் கணக்கில். "அது குரோதி வருடம் தம்பி. இதுவும் குரோதி. அறுபது வருடம் சுற்றி வந்திருக்கிறது." 1964 ஏப்ரல் முதல் 1965 ஏப்ரல் வரை குரோதி. 2024 இலும் அதே பெயர்தான். ஆங்கில ஆண்டு கேட்டபோது அறுபத்து மூன்று என்றார், பிறகு அறுபத்தைந்து என்றார். நாங்கள் குரோதியைப் பிடித்துக்கொண்டோம்.

முதல் தடவை அவர் சொன்ன கதையின் சுருக்கம் இது. வடமராட்சிக் கரையில் ஒரு காவலிடம். ஐந்தாறு பேர், பொறுப்பில் தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு கோப்ரல். இரண்டு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு. அமாவாசை இருட்டு. மாலையிலிருந்து வாடை முகத்தில் அடித்தது. வயர்லெஸ் கம்பம் சாய்ந்தது. நடு இரவில் கடல் உள்வாங்கியது, பிறகு எழும்பி வந்தது. மேற்கிலிருந்து வந்த ஒரு வள்ளத்தில் மீனவர் மூவர் கரையொதுங்கினர். கோப்ரல் கல்மடத்தைத் திறந்துவிட்டார். கிடுகுக் கூரை பறந்த குடும்பங்களும் அதற்குள் வந்து தங்கின. தங்களுக்கு வைத்திருந்த பாணையும் டின் மீனையும் பங்கிட்டார்கள். வெகு தூரத்தில், கடலுக்கு அப்பால், ரயில் வெளிச்சம் ஒன்று வரிசையாக நகர்ந்து அணைந்துபோனதையும் அவர் கண்டார்.

அருமையான கதை. இந்த வடிவிலேயே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லி அதன் முனைகள் தேய்ந்திருந்தன. தேய்ந்த கதைகளைப் பதிவாளர்கள் விரும்புவார்கள், ஏனென்றால் அவை ஒரே மூச்சில் வந்துவிடும், வெட்டித் தொகுக்கும் வேலை இல்லை. எங்கள் சந்தேகமும் அந்த வழுவழுப்பில்தான் தொடங்கியது.

எதை முதலில் கேட்பது என்ற முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முரண்களை எடுத்துக்காட்டி விளக்கம் கேட்பது. டிசெம்பர் 22 அமாவாசை அல்ல, 19 ஆம் திகதியே பௌர்ணமி. ரயில் விபத்தை எங்கள் கரையிலிருந்து காண முடியாது. இவற்றை அவர் முன் வைத்தால் அவர் தலையாட்டியிருப்பார், பிறகு நாங்கள் தந்த திருத்தங்களையே தம் நினைவாகச் சொல்லத் தொடங்கியிருப்பார். வயதானவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. பணிவு காரணமாகவும் நடக்கிறது, குறிப்பாகப் படித்தவர்கள் என்று எங்களை அவர்கள் மதிக்கும்போது.

ஆகவே மற்ற வழியைத் தெரிவுசெய்தோம். நாள், கிழமை, எண்ணிக்கை எதையும் கேட்பதில்லை. நின்ற நிலையைக் கேட்பது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். "காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எந்தக் கன்னத்தில் அடித்தது என்று கேளுங்கள்" என்றார் அவர்.

இதன் கணக்கு எளிது. வட அரைக்கோளத்தில் புயலின் சுழற்சி கடிகாரத்துக்கு எதிரானது. கிழக்கிலிருந்து மேற்காக நகரும் ஒரு புயலின் பாதைக்கு வடக்கே நிற்பவருக்குக் காற்று முதலில் வடகிழக்கிலிருந்து வரும். புயல் நேர் தெற்கே வரும்போது கிழக்குக்குத் திரும்பும். அது கடந்து போனபின் தென்கிழக்கிலிருந்து வீசும். பாதைக்குத் தெற்கே நிற்பவருக்கு வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறும். 1964 புயலின் பாதை வவுனியாவிலிருந்து தனுஷ்கோடிக்கு. யாழ்ப்பாணமும் தீவகமும் அதற்கு வடக்கே. எங்கள் கடற்றொழிலாளர் மொழியில் சொன்னால் வடகிழக்குக் காற்றான வாடையில் தொடங்கிக் கிழக்குக் காற்றான கொண்டலுக்குத் திரும்ப வேண்டும். மேற்குப் பக்கக் காற்றான கச்சான் வந்திருக்கவே கூடாது.

அவரைக் கதிரையிலிருந்து எழுப்பி, காவலில் எப்படி நின்றாரோ அப்படி நிற்கச் சொன்னோம். நின்றார். அந்த வயதிலும் குதிகால்கள் சேர்ந்தன. கடல் எங்கே என்றோம். முன்னால் கையை நீட்டினார். முதலில் காற்று எங்கே அடித்தது? இடது தோளுக்குப் பின்னால் தட்டிக்காட்டினார். "மழைக்கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது." பிறகு? இடது உள்ளங்கையால் இடக் கன்னத்தைப் பொத்தினார். அதற்குப் பிறகு? கண்ணைச் சுருக்கி, முகத்தை இடப்பக்கமாக முன்னால் திருப்பி, மணல் அடிப்பதுபோல் கையால் மறைத்துக்கொண்டார்.

கேட்டுக்கொண்டிருந்த புவியியல் ஆசிரியர் பேசாமல் படத்தை மடித்து வைத்தார். கிழக்குக் காற்று இடக் கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் அவர் தெற்கு நோக்கி நின்றிருக்க வேண்டும். வடமராட்சியின் வடகரையில் கடலைப் பார்த்து நிற்பவரின் முகம் வடக்கே இருக்கும், கொண்டல் வலக் கன்னத்தில் அடிக்கும். அந்த இரவில் அவர் வடமராட்சியில் இல்லை.

இரண்டு இரவுகள்

அடுத்த சந்திப்பில் இடங்களைப் பற்றி மட்டும் கேட்டோம். எந்தெந்தக் காவலிடத்தில் எங்கே சமைத்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது. வடமராட்சியில் கிணறு பக்கத்திலேயே இருந்தது என்றார். "தீவில்தான் தண்ணீர் கரைச்சல். உவர். பீப்பாயில் கொண்டுவருவார்கள்." தீவு என்ற சொல் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. கார்த்திகை முடியுமுன் அவர்களைத் தீவகத்தின் தென்கரையொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். கல்மடமும் அங்கேதான் இருந்தது. வடமராட்சியில் அவர்கள் தங்கியது கூடாரத்தில்.

எனவே அவருடைய ஒரே இரவில் இரண்டு இரவுகள் ஒட்டியிருந்தன. வடகரையில் வாடை முகத்தில் அடித்த அமாவாசை இரவு வேறு. அது அந்தப் பருவத்தின் வழமையான கடுங்காற்றுகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். தீவின் தென்கரையில் கொண்டல் கன்னத்தில் அடித்தது டிசெம்பர் 22. நாளை உறுதிப்படுத்தியதும் அவர்தான். தீவுக் கோயிலில் திருவெம்பாவை முடிந்த கையோடு புயல் வந்ததாகவும், மறுநாள் காலையில் தோரணத்துக் கமுகுகள் வேலிக்கு அப்பால் கிடந்ததாகவும் தானாகவே சொன்னார். அந்த ஆண்டு மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி 20 ஆம் திகதியளவில் வந்திருக்க வேண்டும். பஞ்சாங்கமும் கன்னமும் ஒரே நாளைக் காட்டின.

கடல் உள்வாங்கி எழும்பியது என்ற பகுதியை நாங்கள் முதலில் ஐயத்தோடுதான் கேட்டோம். 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கடல் பற்றிய எந்த நினைவிலும் சுனாமி கலந்துவிடுகிறது. ஆனால் தெற்குக் கரை என்று தெரிந்தபின் அது தன் காலில் நின்றது. வடகிழக்குக் காற்று தென்கரையில் நீரைக் கரையிலிருந்து தள்ளி வைத்திருக்கும். ஆழம் குறைந்த அந்தக் கடலில் இது நன்றாகவே தெரியும். தென்கிழக்குக்குத் திரும்பியதும் அதே நீர் கரைக்கு வரும். நள்ளிரவுக்குப் பின் கடல் வந்தது என்று அவர் சொன்னதும் பொருந்தியது. தனுஷ்கோடியில் ரயில் போனது நள்ளிரவை ஒட்டித்தான். புயலின் மையம் அப்போது தீவகத்துக்குத் தென்மேற்கே போய்விட்டது.

இந்த நிலையில் வேலையை முடித்திருக்கலாம். இடமும் நாளும் சரி. ஒட்டியிருந்த இரவுகள் பிரிந்துவிட்டன. நல்லதொரு கட்டுரை எழுதலாம்.

வள்ளம்

காற்றுக் கணக்கு சரியென்றால் இன்னொன்று இடித்தது. மேற்கிலிருந்து ஒரு வள்ளம் வந்து ஒதுங்கியது என்கிறார். மாலையில் வாடை, இரவில் கொண்டல். கடலில் தவித்த எதுவும் மேற்காகத்தான் அடித்துச் செல்லப்பட்டிருக்கும், அதாவது இந்தியக் கரைப் பக்கம். எதிர்க்காற்றில் பாயும் இல்லாமல் துடுப்பும் இல்லாமல் மூன்று பேர் கிழக்கே வந்து சேர முடியாது.

அதைக் கேட்குமுன் தீவுக்குப் போய்வருவது என்று முடிவு செய்தோம். காரணம் எளியது. கேள்வி அவரைச் சங்கடப்படுத்தக்கூடியது என்று ஓரளவு ஊகித்திருந்தோம், வெறும் ஊகத்தை வைத்துக்கொண்டு கேட்க விருப்பமில்லை. தீவில் எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி கிடைத்தார். புயலன்று அவர் பத்து வயதைத் தாண்டியவர், தாயோடு அந்தக் கல்மடத்தில் இருந்தவர். பாண் தந்ததும், தமிழ் பேசிய ஆமிக்காரர் ஒருவர் தன் சாரத்தை ஒருவருக்கு உடுக்கக் கொடுத்ததும் அவருக்கு நினைவிருந்தன. வள்ளம் எதுவும் வரவில்லை என்றார். "கடலே தெரியாத இருட்டு. என்ன வள்ளம்?" பிறகு, கேளாமலே சொன்னார். மடத்துக்குள் ஊரார் அல்லாத மூன்று பேர் இருந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண், ஒரு இளைஞன். இரண்டொரு நாளாகத் தாழைக்குள் பதுங்கியிருந்தவர்கள், தண்ணீர் ஏறியதும் வெளியே வந்தவர்கள். கடல் அடங்கியபின் அவர்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய தாயார் பினாட்டும் புழுக்கொடியலும் கட்டிக் கொடுத்தார்.

இதைப் படைவீரரிடம் எடுத்துச் செல்வதில்லை என்று தீர்மானித்தோம். குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. உண்மை தெரிந்தும் தெரியாததுபோல் எதிரில் இருப்பது நேர்மையா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சாட்சியின் வாயிலிருந்து வந்ததை இன்னொரு சாட்சியின் முன் வைத்தால் பதிவு விசாரணையாகிவிடும். விசாரணைகள் போதும் போதும் என்றாகிவிட்ட ஊர் இது. காற்றைப் பற்றி மட்டும் கேட்போம், அவர் விரும்பினால் மீதியைச் சொல்லட்டும் என்பதே பெரும்பான்மை முடிவு.

கருவியை நிறுத்திய மாலை

"ஐயா, அன்றைக்குக் கொண்டல் என்றால் வள்ளம் எப்படி மேற்கிலிருந்து வந்திருக்கும்?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதை நிறுத்துங்கள்" என்று ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டினார். நிறுத்தினோம். அப்போது பேசியவற்றை இங்கே எழுதவில்லை. தேநீர் வந்தது. மகளை உள்ளே போகச் சொன்னார். சற்றுப் பொறுத்து, "போடுங்கள். இனிப் போட்டுக்கொண்டே கேளுங்கள்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். மடத்துக்குள் ஊரார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது அந்த மூவரும் கடைசியாக வந்தார்கள். இளைஞன் தண்ணீர் கேட்டான். பேச்சைக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது, இவர்கள் இந்தப் பக்கத்தவர் அல்லர். தன்னைத் தவிர அதை அறியக்கூடியவர் காவலர்களில் யாருமில்லை. ஊராருக்கும் தெரிந்தது, அவர்கள் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தார். மாற்றுச் சாரம் ஒன்று இருந்தது, கொடுத்தார். காவல் முறை வந்தபோது வெளியே போய் நின்றார். கன்னத்தில் காற்று அடித்தது அப்போதுதான்.

காலையில் கோப்ரல் ஆட்களை எண்ணினார். கூரை போனவர்களின் பட்டியல் எழுத வேண்டியிருந்தது. குடும்பம் குடும்பமாகப் பெயர் கேட்டு எழுதியவர் இவரே. அந்த மூவரின் முறை வந்தது. கோப்ரல் சிங்களத்தில் கேட்டார், இவர்கள் எந்த வீடு?

"நான் ஒரு சொல் பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் தம்பி. ஊர்ச்சனமும் ஆமென்று சொல்லியிருக்கும். நான் 'இந்த ஊர் இல்லை' என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்."

கோப்ரல் கோபப்படவில்லை. கடல் அடங்கும்வரை அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். பிறகு பொலிஸாரிடம் ஒப்படைத்தார்கள். கேள்விகளைத் தமிழில் கேட்டதும் பதில்களை மொழிபெயர்த்ததும் இவர். அந்த ஆண் தோட்டத்தில் வேலை செய்த தமையனைத் தேடி வந்ததாகச் சொன்னாராம். அதன் பிறகு அவர்களைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை.

வீட்டில் இதை மீனவர் கதையாக எப்போது மாற்றினார் என்று கேட்டோம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, முதல் தடவை சொன்னபோதே என்றார்.

ரயில்

தனுஷ்கோடி ரயிலைக் கண்டதாகச் சொன்ன பகுதியை என்ன செய்வது என்பது தனியான சிக்கல். தீவகத்திலிருந்து தனுஷ்கோடி மிகத் தொலைவு. அந்த மழையில் அடுத்த வளவு விளக்கே தெரிந்திராது. அவர் கண்டிருக்க முடியாது. ஆனால் பொய் சொல்லவும் இல்லை. புயலுக்குச் சில நாள் கழித்து, யாழ்ப்பாணத்து முகாமில் வானொலியைச் சுற்றி எல்லோரும் நின்று அந்தச் செய்தியைக் கேட்டார்களாம். தாம் நின்ற கடலின் மறுகரையில் அதே இரவில் நடந்தது என்று தெரிந்தபோது, கேட்டது கண்டதாக மாறிவிட்டிருக்கிறது.

நினைவு பொய்க்கும், ஆகவே வாய்மொழியை நம்பாதே என்று கைவிரிக்கும் வரலாற்றுக்காரர்களுக்கு இது நல்ல தீனி. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ரயில் அவர் நினைவுக்குள் நுழைந்த வழி தெரிகிறது. வள்ளம் நுழைந்த காரணமும் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு வகை. ஒன்று செய்தி காட்சியானது, மற்றது ஒரு மனிதர் வேண்டுமென்றே வைத்த மறைப்பு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'நினைவுப் பிழை' என்று எழுதுவது சோம்பல். எழுத்துப் பிரதியில் ரயில் பகுதியை நீக்கவில்லை. அதன் அருகே "வானொலியில் கேட்டறிந்தது" என்று குறித்தோம். அதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004 இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவை ஊர்ப்பேச்சில் 'அந்தப் புயல்' என்ற ஒரே தலைப்பில் சேர்ந்துவிடுகின்றன. 1964 இல் நடந்ததும், 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததும், 2008 இன் நிஷா வெள்ளமும் ஒருவர் பேச்சில் அடுத்தடுத்த வாக்கியங்களில் வருவதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறோம். காற்றுத் திசை இவற்றைப் பிரிக்க உதவுகிறது.

குடும்பமும் முடிவும்

கனடாவில் இருக்கும் மகன் பதிவை வெளியிடக் கூடாதென்றார். அப்பா இராணுவத்தில் இருந்தார் என்பதே வெளியே தெரிய வேண்டாம் என்பது அவர் நிலை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அது எத்தகைய ஆபத்தாக இருந்தது என்பதை அறிந்தவர் அப்படிச் சொல்வதில் குறை காண முடியாது. மகள் எதிர்மாறாக நின்றார். அந்த மூவரின் கதை வெளியே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். பெரியவர் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டுத் தம் முடிவைச் சொன்னார். ஒலிப்பதிவு முழுதும் தம் காலத்துக்குப் பிறகு திறக்கப்பட வேண்டும். அதற்கு முன் பெயரில்லாமல் எழுதலாம். மீனவர் என்று எழுதக் கூடாது.

கடைசி நிபந்தனையை அவரே கையால் எழுதிக் கையொப்பமிட்டார். பிரதியின் ஒரு படி குடும்பத்திடமும் ஒரு படி முத்திரையிட்டு எங்கள் சேகரிப்பிலும் உள்ளது. மகன் பின்னர் தொலைபேசியில் தந்தையோடு நெடுநேரம் பேசியதாக மகள் சொன்னார்.

அடுத்த பதிவுகளில் மாற்றுவது

காலநிலை சார்ந்த பணி நினைவுகளில் நின்ற திசையும் உடலில் பட்ட பக்கமும் முதல் கேள்விகளாக வைக்கப்படும். நாள் கடைசியில். ஆங்கில ஆண்டுக்குப் பதில் தமிழ் வருடப் பெயர், திருவிழா, விரதம் ஆகியவற்றைக் கேட்பது பலன் தருகிறது என்பதால் அந்தந்தப் பத்தாண்டின் பஞ்சாங்கக் குறிப்பு முன்கூட்டியே தயாரிக்கப்படும்.

ஒரே சம்பவத்தின் இரு சாட்சிகளை இனி ஒரே ஆட்கள் சந்திக்கமாட்டார்கள். தீவில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு அவர் முன் உட்கார்ந்திருந்தது எங்கள் முகத்தில் தெரிந்திருக்கக் கூடும் என்று குழுவில் சிலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் கருத்து, பதிவு முடிந்தபின் கேட்கப்படாமல் முதல் சந்திப்பின்போதே கேட்கப்படும். மறுப்பு வந்தால் அதுவும் பதிவின் பகுதியாகும்.

தீவுப் பெண்மணியின் பதிவில் காற்றைப் பற்றிய கேள்வி இல்லை. அவர் மடத்துக்குள் இருந்தவர், கன்னம் உதவாது. ஆனால் எந்தச் சுவரோரம் நனைந்தது என்று கேட்கலாம். வாடை ஓய்ந்து கடற்போக்குவரத்து சீரானதும் வேறு இருவர் போய் அதைக் கேட்டுவர ஏற்பாடாகியுள்ளது.